8 ஜிபி ரேமில் 60 ஜிபி ஃபைல்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "மெமரி போதாமல் புரோகிராம் நின்றுவிடுகிறது, என்ன செய்வது?" என்று வந்த ஒரு கேள்விக்கு நாலே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அது போதவில்லை என்று நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நியாயம்தான். இந்த மாதம் வேறு எந்தக் கேள்வியும் இல்லை, முழுக்க இதே விஷயம்.

கேள்வி: தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணும் புராஜெக்ட்டைப் பைத்தான் மொழியில் செய்கிறேன் சார். சேர்த்திருக்கும் உரை 60 ஜிபி, லினக்ஸ் லேப்டாப்பில் ரேம் 8 ஜிபி. முதலில் ஃபைலை மொத்தமாகப் படித்தேன், உடனே நின்றுவிட்டது. வரிவரியாகப் படிக்கும்படி மாற்றினேன். இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு, "கில்டு" என்று ஒரே ஒரு சொல்லைக் காட்டி நின்றுவிட்டது. வரிவரியாகத்தானே படிக்கிறேன், மெமரி எங்கே போகிறது? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: முதலில் அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றி. லினக்ஸ் கொஞ்சம் தாராளமான ஆள். புரோகிராம் மெமரி கேட்டால் பெரும்பாலும் "சரி" என்று வாக்குக் கொடுத்துவிடும், உண்மையில் அந்த இடத்தில் எழுதும்போதுதான் ரேமிலிருந்து எடுத்துத் தரும். எல்லோருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாத நிலை வந்தால், நிறைய மெமரி பிடித்திருக்கும் ஒரு புரோகிராமைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடும். அதனால்தான் உங்கள் பைத்தானுக்கு மெமரி எர்ரர் என்று சொல்லக்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இப்போது மெமரி எங்கே போனது என்று பார்ப்போம். நீங்கள் வரிவரியாகப் படித்தது சரிதான், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதன் எண்ணிக்கையை வைத்திருக்கும் டிக்ஷ்னரி என்ற அட்டவணை வளர்ந்துகொண்டே போகிறது. தமிழில் இது ரொம்பவே வளரும். வந்தான், வந்தாள், வந்தவர்களுக்கு, வந்துகொண்டிருந்தவர்களையும் என்று ஒரே வினையிலிருந்து நூற்றுக்கணக்கில் வடிவங்கள் வரும், உங்கள் புரோகிராமுக்கு ஒவ்வொன்றும் தனிச் சொல். பத்துக் குறியீடு நீளமுள்ள ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துக்கொள்ளப் பைத்தான் எடுப்பது ஏறக்குறைய 80, 90 பைட். எண்ணிக்கைக்கு 28 பைட். டிக்ஷ்னரியில் அதற்கான இடம் தனி. எல்லாம் சேர்த்து ஒரு சொல்லுக்கு 150 பைட் என்று வையுங்கள், 5 கோடி வெவ்வேறு சொற்கள் வந்தால் 7.5 ஜிபி. 8 ஜிபி லேப்டாப்பில் பிரௌசரும் ஓடுகிறது. போதாததற்கு, டிக்ஷ்னரி தன் அட்டவணையைப் பெரிதாக்கும்போது பழையதும் புதியதும் கொஞ்ச நேரம் சேர்ந்தே இருக்கும், பல புரோகிராம்கள் சரியாக அந்த நேரத்தில்தான் விழுகின்றன.

செய்ய வேண்டியது இதுதான். ஒரே டிக்ஷ்னரியில் எல்லாவற்றையும் போடாதீர்கள். டிஸ்க்கில் 64 ஃபைல்களைத் திறந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஹாஷ் போட்டு (அதாவது சொல்லின் எழுத்துகளிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு), அதை 64-ஆல் வகுத்து, மீதி என்ன வருகிறதோ அந்த எண்ணுள்ள ஃபைலில் சொல்லை எழுதுங்கள். ஒரே சொல் எப்போது வந்தாலும் ஒரே ஃபைலுக்குத்தான் போகும், இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு ஃபைலாக எடுத்து, ஒரு டிக்ஷ்னரியில் எண்ணி, விடையை எழுதிவிட்டு, டிக்ஷ்னரியைக் காலி செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 7.5 ஜிபி கேட்ட வேலை ஒரு நேரத்தில் சுமார் 120 எம்பிக்குள் முடிந்துவிடும். டேட்டாபேஸ்களில் இரண்டு பெரிய அட்டவணைகளைப் பொருத்துவதற்கு 1983-இல் டோக்கியோவில் கிட்சுரேகாவா குழுவினர் வெளியிட்ட முறையும் இதே அடிப்படைதான், இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒவ்வொரு முறை வரும் "ஒரு"வையும் "என்று"வையும் டிஸ்க்கில் எழுதுவது வீண் வேலை. 20 லட்சம் சொற்கள் சேரும் வரை ஒரு சின்ன டிக்ஷ்னரியில் எண்ணுங்கள், நிறைந்ததும் சொல்லையும் எண்ணிக்கையையும் சேர்த்து அந்தந்த ஃபைலுக்கு அனுப்பிவிட்டுக் காலி செய்யுங்கள். அடிக்கடி வரும் சொற்கள் லட்சம் வரிகளாகப் போகாமல் ஒரு வரியில் அடங்கிவிடும்.

ஒரு பொறி இருக்கிறது, கவனம். பைத்தானில் உள்ளேயே இருக்கும் ஹாஷ் ஃபங்ஷனை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். 3.3 பதிப்பிலிருந்து எழுத்துத் தொடர்களுக்கான ஹாஷ் புரோகிராம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மாறும். இன்று பாதி, நாளை பாதி என்று ஓட்டினால் ஒரே சொல் இரண்டு ஃபைல்களில் போய் உட்கார்ந்துகொள்ளும், எர்ரர் எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக இருக்கும். சிஆர்சி32 போல எப்போதும் ஒரே விடை தரும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவ்வளவு சுற்றுவது எதற்கு? ரேம் நிரம்பினால் பயன்பட டிஸ்க்கில் 64 ஜிபி இடத்தை ஸ்வாப்பாகக் கொடுத்துவிட்டால், அல்லது ஃபைலை எம்மேப் செய்துவிட்டால், மெமரி பெரிதாக இருப்பது போலவே ஓடுமே? (மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்)

பதில்: ஓடும். எவ்வளவு நேரம் ஓடும் என்பதுதான் பிரச்சினை.

உங்கள் யோசனை பழையது, நல்லதும்கூட. 1962-இல் மான்செஸ்டரில் ஓடத் தொடங்கிய அட்லஸ் கணினி இதைத்தான் செய்தது. வேகமான நினைவகம் சிறியது, பக்கத்தில் சுழலும் டிரம் பெரியது, இரண்டும் ஒன்று போல் புரோகிராமுக்குத் தெரியும்படி பக்கம் பக்கமாக உள்ளே வெளியே மாற்றிக்கொண்டிருந்தார்கள். இன்று உங்கள் கணினியும் 4 கேபி பக்கங்களாக அதைத்தான் செய்கிறது. எம்மேப்பும் இதன் இன்னொரு முகம்தான்: ஃபைலே மெமரி போலத் தெரியும், தொட்ட பக்கம் மட்டும் ரேமுக்கு வரும்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேமில் ஓர் இடத்தைத் தொடச் சுமார் 100 நானோ நொடி. எஸ்எஸ்டியில் எங்கோ ஓர் இடத்தைத் தொடச் சுமார் 100 மைக்ரோ நொடி. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 10 மில்லி நொடி. அங்கொன்றும் இங்கொன்றுமாக 1 கோடி இடங்களைத் தொட வேண்டும் என்றால் ரேமில் 1 நொடி, எஸ்எஸ்டியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் 17 நிமிடம், ஹார்ட் டிஸ்க்கில் ஏறக்குறைய 28 மணி நேரம். டிக்ஷ்னரிக்கு உள்ளே இருக்கும் ஹாஷ் டேபிள் என்பதே டேட்டாவை அங்குமிங்கும் சிதறடிக்கும் அமைப்பு, அதை ஸ்வாப்பில் ஓட விட்டால் தொடும் ஒவ்வொரு முறையும் புதுப் பக்கம். அந்தப் பக்கத்துக்கு இடம் கொடுக்க வேறொன்றை வெளியே தள்ள வேண்டும், தள்ளியது மறு நொடியே தேவைப்படும். கணினி பக்கம் மாற்றுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாத இந்த நிலை ஏன் வருகிறது என்பதை 1968-இல் பீட்டர் டென்னிங் தெளிவாக விளக்கினார். ஒரு புரோகிராம் சமீபத்தில் தொட்ட பக்கங்கள் எல்லாம் ரேமில் அடங்கினால் நிம்மதி, அடங்கவில்லை என்றால் மெதுவாகாது, அப்படியே சரிந்துவிடும்.

இப்போது அதே 1 கோடித் தேடலை வேறு மாதிரி செய்வோம். ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் எண்ணைச் சாவி என்போம். ஃபைல் சாவி வரிசையில் இருக்கிறது என்று வையுங்கள். தேட வேண்டிய 1 கோடிச் சாவிகளையும் முதலில் ரேமில் வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள், ஒரு சாவி 8 பைட் என்றால் மொத்தம் 80 எம்பிதான். பிறகு 60 ஜிபி ஃபைலை முதலிலிருந்து கடைசி வரை ஒரே முறை படித்துக்கொண்டே போங்கள், வழியில் எதிர்ப்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 150 எம்பி படிக்கும் ஹார்ட் டிஸ்க்கில்கூட அது 400 நொடி, 7 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 28 மணி நேரம் எங்கே, 7 நிமிடம் எங்கே! டிஸ்க்கும் அதேதான், டேட்டாவும் அதேதான், தொடும் வரிசை மட்டும் மாறியிருக்கிறது. இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

எம்மேப்பை ஒதுக்கச் சொல்லவில்லை. படிக்க மட்டுமே செய்யும், ஒவ்வொரு பதிவும் ஒரே நீளமுள்ள, வரிசைப்படுத்திய ஃபைலுக்கு அது அருமையான வழி. 100 கோடிப் பதிவுகளில், ஒவ்வொரு தாவலிலும் பாதியை ஒதுக்கிக்கொண்டே போகும் பைனரி தேடலுக்கு 30 தாவல் போதும், அதில் முதல் சில தாவல்கள் விழும் பக்கங்கள் எப்போதும் ரேமிலேயே தங்கிவிடும். ஆனால் 32-பிட் புரோகிராம் என்றால் முகவரி இடமே மொத்தம் 4 ஜிபிதான், அதில் 60 ஜிபி ஃபைலை முழுதாக விரிக்க முடியாது.

கேள்வி: அந்த 60 ஜிபி ஃபைலையே வரிசைப்படுத்த வேண்டுமானால்? எங்கள் பாடத்தில் குவிக் சார்ட் மட்டும்தான் நடத்தினார்கள். (பொறியியல் மாணவர், திருச்சி)

பதில்: குவிக் சார்ட் எல்லாம் ரேமில் இருக்கும்போது சரி. இங்கே வேண்டியது மெர்ஜ் சார்ட். அதை 1945-இல் ஜான் வான் நியூமன் எழுதினார். பிறகு காந்த நாடாக்கள் வந்த காலத்தில், வரிசையாகப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லாத அந்த நாடாக்களை நம்பி வேலை செய்தவர்கள் இந்த முறையை எவ்வளவோ நுணுக்கமாக வளர்த்தார்கள்.

4 ஜிபி எடுங்கள், ரேமில் வரிசைப்படுத்துங்கள், தனி ஃபைலாக எழுதுங்கள். 60 ஜிபிக்கு இப்படி 15 ஃபைல்கள் வரும். பிறகு 15-ஐயும் ஒன்றாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் தலையில் நிற்கும் வரியை ஒரு ஹீப்பில் (சிறியதை உடனே எடுத்துத் தரும் அமைப்பு) போட்டு, அதில் சிறியதை எடுத்து எழுதி, எந்த ஃபைலிலிருந்து எடுத்தீர்களோ அதிலிருந்து அடுத்த வரியைச் சேர்த்துக்கொண்டே போங்கள். இணைக்கும்போது ரேமில் இருப்பது 15 வரிகளும், ஃபைலிலிருந்து கொஞ்சம் மொத்தமாகப் படித்து வைத்துக்கொள்ளும் சில பஃபர்களும்தான். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓரிரண்டு எம்பிக்குக் குறையாமல் பஃபர் கொடுங்கள், இல்லையென்றால் 15 ஃபைல்களுக்கும் மாறி மாறித் தாவுவதிலேயே நேரம் போய்விடும். மொத்தம் இரண்டு முறை படிக்கிறோம், இரண்டு முறை எழுதுகிறோம், அவ்வளவுதான். இதே கணக்கில் 1 ஜிபி ரேம் வைத்துக்கொண்டு, 1 எம்பி பஃபராக ஏறக்குறைய 1000 துண்டுகளை இணைத்து, 1 டிபியைக்கூட வரிசைப்படுத்திவிடலாம்.

நீங்களே எழுதிப் பாருங்கள், ஒரு முறையாவது. ஆனால் வேலைக்கு என்றால் லினக்ஸின் சார்ட் கட்டளை இதை எல்லாம் தானாகவே செய்கிறது. அதில் இரண்டு விஷயம் மட்டும். தற்காலிக ஃபைல்கள் எங்கே போக வேண்டும் என்று பெரிய டி விருப்பத்தில் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சில லினக்ஸ் வகைகளில் டெம்ப் ஃபோல்டரே ரேமில்தான் இருக்கிறது, ரேமைக் காப்பாற்றப் போய் ரேமையே நிரப்பிவிடுவீர்கள். இன்னொன்று தமிழ் வரிசை. யூனிகோடு எண் வரிசையில் ந-வை ஒட்டியே ன வரும், ர-வை ஒட்டி ற வரும், ழ-வும் ள-வும் வ-வுக்கு முன்பே வந்துவிடும், புள்ளி வைத்த க் என்பது கௌ-வுக்கும் பின்னால் போய் நிற்கும். நம் அகராதி வரிசை அது இல்லை. துண்டுகளை ஒரு வரிசையில் அடுக்கிவிட்டு இணைக்கும்போது வேறு வரிசையைப் பின்பற்றினால் விடை கெட்டுப்போகும். நடுவில் உள்ள வேலை முழுவதையும் வெறும் பைட் வரிசையிலேயே செய்யுங்கள், அதுதான் வேகமும். மனிதர் கண்ணில் படப்போகும் கடைசிப் பட்டியலை மட்டும் அகராதி வரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: பேசாமல் ரேம் வாங்கிவிடலாமே? (பெயர் வேண்டாம் என்கிறார் ஒரு வாசகர்)

பதில்: வாங்கலாம், தப்பே இல்லை. உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு. ஆனால் அதற்கு முன் டேட்டா உண்மையிலேயே பெரிதா என்று பாருங்கள். பைத்தான் லிஸ்ட்டில் 10 கோடி முழு எண்கள் சுமார் 3.6 ஜிபி எடுக்கும்: ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கும் இடத்தைக் காட்டும் 8 பைட் சுட்டி, 28 பைட் எண். எண்களை நெருக்கி அடுக்கும் நம்பை நூலகத்தில் 8 பைட் எண்ணாக வைத்தால் 800 எம்பி. அது ஆட்களின் வயது என்றால் 1 பைட் போதும், 100 எம்பியில் முடிந்தது. தமிழ்நாட்டு மாவட்டப் பெயர்கள் ஒரு பத்தியில் கோடி முறை வந்தாலும் இருப்பது 38 பெயர்கள்தான். அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தில் அதை கேட்டகரி வகையாக மாற்றினால் பெயருக்குப் பதில் 1 பைட் எண் உட்காரும். பாண்டாஸை உருவாக்கிய வெஸ் மெக்கின்னியே, டேட்டாவைப் போல 5 முதல் 10 மடங்கு ரேம் வைத்துக்கொள்ளுங்கள் என்று 2017-இல் எழுதினார். தேவையில்லாத பத்திகளைப் படிக்காமல் விடுவதில் தொடங்குங்கள்.

கேள்வி: 100 கோடி இணைய முகவரிகள் வருகின்றன. ஒவ்வொன்றும் முன்பே பார்த்ததா என்று சொல்ல வேண்டும். செட்டில் போட்டால் எந்தக் கணினியும் தாங்காது. (சென்னை)

பதில்: கொஞ்சம் தவறு நேர்ந்தால் பரவாயில்லையா? முதலில் அதை முடிவு செய்யுங்கள். பரவாயில்லை என்றால் புளூம் ஃபில்டர். 1970-இல் பர்ட்டன் புளூம் வெளியிட்டது. முகவரியை வைத்துக்கொள்ளாமல், பல ஹாஷ்கள் காட்டும் பிட்டுகளை மட்டும் ஒரு பெரிய வரிசையில் ஏற்றி வைக்கும். "பார்க்கவில்லை" என்று அது சொன்னால் நிச்சயம், "பார்த்திருக்கிறேன்" என்றால் அநேகமாக. புது முகவரிகளில் 100-க்கு 1 தவறாகலாம் என்று ஒப்புக்கொண்டால் ஒரு முகவரிக்கு 10 பிட்டுக்கும் குறைவாகவே ஆகும், 100 கோடிக்கு 1.2 ஜிபி. வெவ்வேறு முகவரிகள் எத்தனை என்ற எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் 2007-இல் ஃபிலிப் ஃப்ளாஜோலே குழுவினர் தந்த ஹைப்பர்லாக்லாக் இருக்கிறது. ரெடிஸ் என்ற டேட்டாபேஸில் அது எடுப்பது 12 கேபி, நியமப் பிழை 0.81 சதவீதம். 12 கேபி! முதல் முறை படித்தபோது நான் நம்பவில்லை, உட்கார்ந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

பணக் கணக்கு, வாக்காளர் பட்டியல் போன்றவற்றில் இதைத் தொடாதீர்கள். அங்கே முதல் பதிலில் சொன்னபடி ஹாஷ் போட்டுப் பிரித்துத் துல்லியமாகவே எண்ணுங்கள்.

கேள்வி: சி மொழியில் பைனரி ட்ரீ எழுதியிருக்கிறேன். அதை அப்படியே டிஸ்க்கில் வைத்து ரேமை விடப் பெரிதாக வளர்க்க முடியுமா? (யாழ்ப்பாணம்)

பதில்: சுட்டிகளை அப்படியே எழுத முடியாது, அடுத்த முறை புரோகிராம் தொடங்கும்போது அந்த முகவரியில் வேறு ஏதாவது இருக்கும். ஃபைலின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண்ணைத்தான் எழுத வேண்டும். ஆனால் அதைச் சரிசெய்தாலும், ஒரு முனையிலிருந்து இரண்டு கிளைகள் மட்டும் பிரியும் பைனரி ட்ரீ டிஸ்க்குக்கு ஆகாது. 100 கோடிச் சாவிகளுக்கு 30 நிலை, மோசமான நேரத்தில் கிட்டத்தட்ட 30 தாவல். போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் 1970-இல் இதற்குத்தான் பி-ட்ரீயைக் கொண்டுவந்தார்கள். டிஸ்க் எப்படியும் ஒரு பக்கம் முழுவதும்தான் படிக்கிறது, அப்படியானால் ஒரு முனையையே ஒரு பக்க அளவுக்குப் பெரிதாக்கிவிடலாமே என்பது யோசனை. 4 கேபி பக்கத்தில் 16 பைட் வீதம் 256 கிளைகள், அப்போது 4 நிலையில் 400 கோடிக்கு மேல் அடங்கும். மேல் மூன்று நிலைகளும் சேர்ந்தே சுமார் 260 எம்பிதான், அவை ரேமில் தங்கிவிட்டால் ஒரு தேடலுக்கு ஒரே ஒரு முறை டிஸ்க்கைத் தொட்டால் போதும்.

கற்றுக்கொள்ள எழுதுங்கள், பயன்பாட்டுக்கு எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது பி-ட்ரீதான், ஒரே ஃபைல், 281 டிபி வரை போகும். கோடிக்கணக்கில் பதிவுகளைப் போடும்போது ஒவ்வொன்றையும் தனி டிரான்சாக்ஷனாகப் போடாதீர்கள், ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கட்டிப் போடுங்கள். தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸை, டேட்டா எல்லாம் ஏற்றி முடித்த பிறகு உருவாக்குங்கள்.

கேள்வி: ஃபைலை 64 எம்பி துண்டுகளாகப் படிக்கிறேன். அங்கங்கே தமிழ் எழுத்து உடைந்து கட்டம் கட்டமாக வருகிறது. (சிங்கப்பூர்)

பதில்: யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். "அம்மா" என்பது 5 குறியீடு, 15 பைட். 64 எம்பி 3-ஆல் மீதியின்றி வகுபடாது, நடுவில் ஆங்கில எழுத்தும் இடைவெளியும் வேறு வரும், அதனால் துண்டின் விளிம்பு ஏதோ ஓர் எழுத்தின் வயிற்றில் விழுகிறது. துண்டைப் பைட்டாகவே படித்து, அதில் கடைசியாக வரும் வரி முறிவு வரை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்த துண்டின் முன்னால் ஒட்டிவிடுங்கள். சொல்லும் பாதியில் உடையாது, எழுத்தும் உடையாது.

கேள்வி: ஒன்பது மணி நேரம் ஓடிய வேலை மின்சாரம் போனதால் வீணாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்தா? (விருதுநகர்)

பதில்: எனக்கும் இது நடந்திருக்கிறது, வருத்தம் புரிகிறது. துண்டு துண்டாகச் செய்வதில் இதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் விடையையும் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள், முழுதாக எழுதி டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்ததும் சரியான பெயருக்கு மாற்றுங்கள். புரோகிராம் தொடங்கும்போது சரியான பெயரில் இருக்கும் துண்டுகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் செய்யட்டும். இப்போது உங்களிடம் பாதியில் நிற்கும் ஃபைல்களில் எது முழுது, எது அரைகுறை என்று தெரியாது, அதனால் இந்த ஒரு முறை மட்டும் முதலிலிருந்து ஓட்டிவிடுங்கள்.